தலைக்கு மேலே போகிறவர் வீடு வந்து சேர எத்தனை மணி நேரம்?

(கணக்கும் புவியியலும் கலந்த கட்டுரை. பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

நூலகத்தில் இருக்கும் பெரிய அட்லஸைக் கொஞ்சம் எடுங்க. தென்னிந்தியா உள்ள பக்கத்தைத் திறந்து, ஸ்கேலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைத் திருவனந்தபுரத்திலும் வையுங்கள். பென்சிலால் கோடு போட்டுவிடாதீர்கள், அட்லஸ் அடுத்த வகுப்புக்கும் வேணும். விரலை மட்டும் ஸ்கேல் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

விழுப்புரத்தை ஒட்டிப் போகும். திருச்சிக்குக் கொஞ்சம் மேற்கே போகும். மதுரைக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிப் போகும். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொடாத குறைதான். அதுக்கப்புறம் கடையநல்லூர் ஊருக்கு மேலேயே போகும். என்னடா இது, நம்ம பொதிகை எக்ஸ்பிரஸ் நிற்கிற ஸ்டேஷன் பேரெல்லாம் வருதேன்னு தோணுதா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் கோடு குற்றாலத்து மலை மேலே ஏறி, மறுபக்கம் கேரளாவில் இறங்கித் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்துவிடும்.

அதாவது சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வருகிற தென்காசிக்காரர் ஒருவர், கோட்டுக் கணக்குப்படி, தன் வீட்டுக்கு மேலேயே பறந்து போகிறார். அப்படிப் போய் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, மூணு மணி நேரம் காரில் உட்கார்ந்து திரும்பி வருகிறார்! “பிளேன்ல ஒன்றரை மணி நேரம்தானே?” என்று வீட்டில் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியதுதான். கணக்கு வரும். பயப்படாதீங்க, நமக்குத் தெரிந்த பிதாகரஸ் மட்டும் போதும்.

முதலில் தூரம். பூமியைச் சுற்றி ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகையால் வகுத்தால் 111. ஆகவே அட்சரேகையில் ஒரு பாகை என்றால் 111 கி.மீ. தீர்க்கரேகை அப்படி இல்லை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை 111 கி.மீ. அகலம் இருக்கும். துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாக் கோடும் நெருங்கி வந்து ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் பாருங்கள், அதே மாதிரிதான். எவ்வளவு குறுகும் என்பதை அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் மதிப்பு சொல்லிவிடும். நம் பகுதிக்கு அது சுமார் 0.98. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17 பாகை. திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8.48, கிழக்கு 76.92.

வடக்கு தெற்காக வித்தியாசம் 4.51 பாகை. 111 ஆல் பெருக்கினால் சுமார் 500 கி.மீ. கிழக்கு மேற்காக 3.25 பாகை. அதை 111 ஆலும் 0.98 ஆலும் பெருக்கினால் சுமார் 354 கி.மீ. இப்போது செங்கோண முக்கோணம் ஒன்று கிடைத்துவிட்டது. 500 இன் வர்க்கமும் 354 இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 613 கி.மீ. வரும். “பூமி உருண்டையாச்சே, தட்டையான முக்கோணம் எப்படிச் சரியாகும்?” என்று முதல் பெஞ்ச் ஆட்கள் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். 600 கி.மீ. தூரத்துக்கு அந்த வளைவால் வரும் பிழை மிகச் சிறியது. அமெரிக்கா போகிற தூரத்துக்கு இந்த முக்கோணத்தை நம்பக் கூடாது.

கோடு நம்ம ஊருக்கு மேலே போகுதுன்னு சொன்னேனே, அதையும் வடிவொத்த முக்கோணத்தால் சரிபார்த்துவிடலாம். குற்றாலம் வடக்கு 8.93 பாகையில் இருக்கு. திருவனந்தபுரத்திலிருந்து 0.45 பாகை வடக்கே. மொத்த 4.51 இல் 0.45 என்பது பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் கிழக்கேயும் 3.25 இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.32 பாகைதான் போயிருக்கணும். 76.92 உடன் 0.32 கூட்டினால் 77.24. குற்றாலமோ 77.27 இல் இருக்கு. வித்தியாசம் 0.03 பாகை, சுமார் 3 கி.மீ. கோடு குற்றாலத்துக்குக் கொஞ்சம் மேற்கே, செண்பகாதேவி அருவி இருக்கிற மலைப் பக்கமாகப் போகிறது. தென்காசிக்குச் செய்து பாருங்கள், 5 கி.மீ. அளவுக்குத் தள்ளிப் போகும்.

இடையில் ஒரு சின்னச் செய்தி. விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்கள் கணக்கு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஏன் இந்த வினோத எண்? அட்சரேகையின் ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால் ஒரு கலையின் நீளம்தான் ஒரு கடல் மைல். 111 ஐ 60 ஆல் வகுத்துப் பாருங்கள். வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் பாகையே அவர்களுக்கு ஸ்கேலாகிவிடுகிறது. மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட்.

சரி, நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ. அளவில் பறக்கும். 613 ஐ 800 ஆல் வகுத்தால் 46 நிமிஷம். ஆனால் சென்னை–திருவனந்தபுரம் டிக்கெட்டில் பெரும்பாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல், ஒன்றரை மணி நேரம் வரைகூடப் போட்டிருப்பார்கள். மிச்ச அரைமணிக்கு மேற்பட்ட நேரம் எங்கே போச்சு?

டிக்கெட்டில் உள்ள நேரம் வானத்தில் பறக்கிற நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, இன்னொரு ஊரில் போய் நிற்கும் வரைக்கும் உள்ள நேரம். ரன்வே வரைக்கும் பஸ் மாதிரி உருண்டு போகணும், முன்னால் நாலு விமானம் நின்றால் காத்திருக்கணும். கிளம்பின உடனே 800 கி.மீ. வேகம் வந்துவிடாது. 10,000 அடிக்குக் கீழே வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. தான்.

இறங்குவது இன்னும் சுவாரஸ்யம். ஆயிரம் அடி இறங்க மூணு கடல் மைல் வேணும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 35,000 அடியில் பறந்தால் 105 கடல் மைல், ஏறத்தாழ 194 கி.மீ. முன்னாலேயே இறங்க ஆரம்பிக்கணும். 613 இல் 194 போனால் 419. சென்னையிலிருந்து 419 கி.மீ. எங்கே வரும் தெரியுமா? மதுரை! திருவனந்தபுரம் போகிற விமானம் மதுரைப் பக்கம் வரும்போதே இறங்கத் தொடங்கிவிடும். அதே மனக்கணக்கை வைத்துப் பார்த்தால், குற்றால மலைக்கு மேலே வரும்போது விமான நிலையம் இன்னும் 63 கி.மீ., அதாவது 34 கடல் மைல். மூணால் வகுத்தால் சுமார் 11,000 அடி உயரம். மீட்டரில் 3,400 பக்கம். நமக்குத் தெற்கே இருக்கிற அகத்தியமலையே 1,868 மீட்டர்தான். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் தரையிறங்கிவிடலாம்.

இதெல்லாம் ஸ்கேல் கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம். நிஜத்தில் விமானங்கள் வானத்தில் குறித்து வைத்திருக்கும் புள்ளிகள் வழியாக, கட்டுப்பாட்டு நிலையம் சொல்கிற பாதையில் போகின்றன. திருவனந்தபுரத்து ரன்வே கடற்கரையை ஒட்டி, வடமேற்கு தென்கிழக்காகக் கிடக்கிறது. வடகிழக்கிலிருந்து வருகிற விமானம் நேரே போய் அதில் உட்கார முடியாது. வளைந்து வந்து ரன்வேக்கு நேராகத் திரும்பியாகணும். அதனால் 613 உடன் இன்னும் சில பத்து கிலோமீட்டர் சேரும், சில நிமிஷமும் சேரும்.

இப்போ நம்ம தென்காசிக்காரர் இறங்கிவிட்டார். அவருக்கும் வீட்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் 68 கி.மீ. தான். ரோட்டிலோ சுமார் 110 கி.மீ. நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று சுற்றி, கோட்டைவாசல் தாண்டி, புளியரை எஸ் வளைவில் இறங்கி, செங்கோட்டை வழியாக வரணும். மழைக்காலத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அது தனிக் கதை.

ஆனாலும் நம்ம பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் புதுசு இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில்தானே இருந்தது! அதுக்கு முன்னே திருவிதாங்கூர் சமஸ்தானம். மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் விட்டது 1904 இல். அந்த மீட்டர் கேஜ் பாதையை 2010 இல் மூடி, அகலப் பாதையாக்கித் திரும்பத் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷம் மலையைத் தாண்ட ரோடு ஒன்றுதான் கதி.

கிழக்கே தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கு. நமக்கு அது நேர்கோட்டில் 83 கி.மீ., ரோட்டில் திருநெல்வேலி வழியாகச் சுமார் 90 கி.மீ. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்துக்கு ரோட்டுத் தூரம் நேர்கோட்டைப் போல 1.6 மடங்கு, தூத்துக்குடிக்கு 1.1 மடங்குகூட இல்லை. நடுவில் மலை இல்லாததுதான் காரணம். மேப்பில் கிட்டே தெரிகிற விமான நிலையத்தைவிடத் தள்ளித் தெரிகிறதுதான் சீக்கிரம் வீட்டில் கொண்டுபோய் விடுகிறது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

தூத்துக்குடியில் இன்னொரு பாடமும் இருக்கு. அங்கே ரன்வே 1,350 மீட்டர் நீளம்தான் பல காலமாக இருந்தது. பெரிய ஜெட் விமானம் ஓடி நிற்க அது போதாது. ஆகவே சென்னையிலிருந்து புரொப்பெல்லர் விமானங்கள்தான் வந்து போயின. அவற்றின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நேர்கோட்டில் 528 கி.மீ. திருவனந்தபுரத்தைவிட 85 கி.மீ. கம்மி. இருந்தும் பயண நேரம் அதே ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான்! தரையில் உள்ள ரன்வேயின் நீளம் வானத்தில் ஆகிற நேரத்தை நிர்ணயிக்கும் என்று நான் இதைப் படிக்கும்வரை நினைத்ததே இல்லை. இப்போது அந்த ரன்வே 3 கி.மீ. க்கு மேலே நீட்டப்பட்டு, புதிய முனையமும் 2025 ஜூலையில் திறக்கப்பட்டிருக்கிறது. மதுரை விமான நிலையமும் உண்டு. ஆனால் அது ரோட்டில் 150 கி.மீ. பக்கம்.

மொத்தக் கணக்கை ஒரு தடவை கூட்டுவோம். சென்னையில் வீட்டிலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி நேரம். பெட்டி போடும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போகணும். பறக்க ஒன்றரை. பெட்டி வாங்கி வெளியே வர அரை. தூத்துக்குடியிலிருந்து காரில் இரண்டு. ஆக ஆறரை மணி நேரம். திருவனந்தபுரம் வழி என்றால் ஏழரை. தென்காசிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தூரம் 545 கி.மீ. அதை ஆறரையால் வகுத்தால் மணிக்கு 84 கி.மீ. விமானத்தில் வருகிறவரின் நிஜ வேகம் அவ்வளவுதான்! பொதிகை எக்ஸ்பிரஸில் பதினோரு மணி நேரத்துக்கு மேல், ஸ்டேஷன் போகிற நேரமும் சேர்த்து 13 என்று வைத்தால் மணிக்கு 42 கி.மீ. ஆனால் அதில் எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கியிருப்போம். அந்த எட்டைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று எங்க வகுப்பில் சண்டையே வந்தது. சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. 2023 செப்டம்பரில் வந்த திருநெல்வேலி வந்தே பாரத் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் வருகிறது. ஆனால் அது பகல் நேரம், திருநெல்வேலியிலிருந்து நம்ம ஊருக்கு இன்னொரு வண்டியும் பிடிக்கணும்.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கணுமா என்று சிலர் நினைக்கலாம். கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும் துபாய், ஷார்ஜா, சவூதி, மஸ்கட்டில் யாராவது வேலை பார்க்காத தெரு உண்டா? ஊரில் ஒரு கேதம் விழுந்தால் பெரியவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, “வெளிநாட்டுல இருக்கிற புள்ள எப்ப வந்து சேருவான்?” என்பதுதான். எத்தனை மணிக்கு எடுப்பது, எத்தனை மணிக்கு அடக்கம் என்பதெல்லாம் அந்தப் பதிலை வைத்துத்தான். அங்கே யாராவது “துபாய்லருந்து நாலு மணி நேரந்தான், மத்தியானத்துக்குள்ள வந்துருவான்” என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

துபாய்–திருவனந்தபுரம் சுமார் 2,950 கி.மீ. பயணம் ஏறத்தாழ நாலு மணி நேரம், அது உண்மைதான். காலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்து போன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அப்போது விடியற்காலை நாலரை. கம்பெனியில் ஆளை எழுப்பி, லீவு சொல்லி, டிக்கெட் போட்டு, விமான நிலையம் போய்ச் சேரணும். அதிர்ஷ்டம் இருந்து அவங்க நேரம் பத்து மணிக்கு ஒரு விமானம் கிடைச்சாலும், நமக்கு அப்போ பதினொன்றரை. நாலு மணி நேரம் பறந்தால் மூன்றரை. பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எல்லாம் முடிய நாலரை. மலை தாண்டி வர மூணு மணி நேரம். வீட்டு வாசலுக்கு வரும்போது ராத்திரி ஏழரை ஆகிவிடும்! நாலு மணி நேரம் என்று நினைத்தது பதிமூன்றரை மணி நேரம். மத்தியானம் என்று நம்பி எடுத்துவிட்டால், வருகிறவர் தன் அம்மா முகத்தையோ அப்பா முகத்தையோ பார்க்க முடியாமலே போய்விடும். அந்த வீட்டில் யாராவது ஒருத்தர், பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சரி, ஒரு பேப்பரில் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டினால் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். வருகிற நேரம் சரியாகத் தெரிந்தால் காத்திருப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு பண்ணிக்கொள்வார்கள்.

டிக்கெட்டைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கணும். புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் இந்த ஊர் நேரம். அவங்களைவிட நாம ஒன்றரை மணி நேரம் முன்னாலே இருக்கோம். மேலே சொன்ன பயணத்தில் 10.00 புறப்பாடு, 15.30 வருகை என்றுதான் இருக்கும். கழித்தால் ஐந்தரை வரும், அதில் ஒன்றரையைக் கழிக்கணும். திரும்பிப் போகும்போது காலை 5.00 புறப்பாடு, 7.30 வருகை என்று போட்டிருக்கும். “போகும்போது ரெண்டரை மணி நேரந்தானா!” என்று ஆச்சரியப்பட வேண்டாம், ஒன்றரையைக் கூட்டுங்கள்.

காற்றையும் சொல்லாமல் விட முடியாது, குற்றாலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜூன் ஜூலையில் நமக்குச் சாரல் கொண்டு வருவது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. ஆனால் அதே மாதங்களில் நம் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில், 14, 15 கி.மீ. பக்கம், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பலமாக ஓடிக்கொண்டிருக்கும். கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை! இந்த வெப்பமண்டலக் கீழைக்காற்று ஓட்டத்தை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். விமானங்கள் அதற்குக் கீழே 10, 12 கி.மீ. உயரத்தில்தான் பறக்கின்றன, என்றாலும் அதன் பாதிப்பு கொஞ்சம் இருக்கும்.

எவ்வளவு பாதிக்கும்? உதாரணத்துக்கு மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வையுங்கள். 800 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்துக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 860, எதிரே அடித்தால் 740. துபாய் தூரத்தை இரண்டாலும் வகுத்தால் 3 மணி 26 நிமிஷம், 3 மணி 59 நிமிஷம். அரைமணிக்கு மேலே வித்தியாசம். போகவும் வரவும் ஒரே நேரம் ஏன் ஆகவில்லை என்பதற்குக் காரணம் இதுதான். குற்றாலத்திலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தாளில் இடம் முடியப் போகிறது. கடைசியாக ஒரு கணக்கு. நமக்குத் தலைநகரம் சென்னை. தென்காசியிலிருந்து நேர்கோட்டில் 545 கி.மீ. என்று மேலே பார்த்தோம். இலங்கையின் கொழும்பு நகரம் வடக்கு 6.93, கிழக்கு 79.86 பாகையில் இருக்கிறது. தென்காசி வடக்கு 8.96, கிழக்கு 77.31. நமக்குக் கிட்டே இருப்பது சென்னையா, கொழும்பா? இந்தக் கணக்குக்கு மட்டும் கொசைன் மதிப்பை 0.99 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊகித்துப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் கணக்கைப் போடுங்கள். விடை கீழே மூலையில் தலைகீழாக எழுதியிருக்கு, முன்னாலேயே கழுத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது!

விடை: கொழும்பு. 225 இன் வர்க்கம் + 280 இன் வர்க்கம் = 1,29,025. வர்க்கமூலம் 359 கி.மீ.